கோப்பு வகையும் இயல்புநிலை நிரலும்: வடசென்னைத் துறைமுக வட்டாரம்

இயல்புநிலை நிரல் என்பது, ஒரு கோப்பை இருமுறை சொடுக்கியதும் பயனரைக் கேட்காமலே அதைத் திறக்க வரும் மென்பொருள். எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்ற பட்டியலைக் கணினியின் இயங்குதளம் வைத்திருக்கிறது. 'டிஃபால்ட் மாறிப்போச்சு' என்று அலுவலகங்களில் சொல்வது இந்தப் பட்டியலில் ஒரு வரி மாறியதைத்தான். கோப்பு பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும். ஆனாலும் பார்ப்பவர் கோப்பு கெட்டுவிட்டது என்றே முடிவு செய்கிறார். அழிக்கிறார், அனுப்பியவரிடம் மறுபடி கேட்கிறார், ஒரு நாள் போய்விடுகிறது.

சென்னையின் வடபகுதியில் அந்த ஒரு நாளுக்கு விலை உண்டு. ராஜாஜி சாலையில் சுங்க இல்லம், அதன் பின்புறம் தம்பு செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் சுங்கத் தரகர் அலுவலகங்கள், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சரக்குப் பெட்டக நிலையங்கள், திருவொற்றியூரிலும் மணலியிலும் பட்டறைகள், வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் என்று நீளும் இந்த வட்டாரத்தில், கப்பலில் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு கோப்பு நகர்கிறது. இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி உரிய நேரத்தில் பதிவாகாவிட்டால் 2017-இல் வந்த விதிப்படி முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். பெட்டி கிடக்கும் இடத்துக்கான வாடகை தனி. இந்தக் கட்டுரை அந்த அலுவலகங்களையும் பட்டறைகளையும் முன்னிறுத்தி, கோப்பு வகைக்கும் நிரலுக்கும் இடையிலான பிணைப்பு எப்படி இயங்குகிறது, எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதைச் சொல்கிறது.

பெயரை நம்பும் பழக்கம்

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை நீட்டிப்பு என்கிறோம். 1970-களின் சிபி/எம் இயங்குதளத்தில் இருந்த வழக்கம் 1981-இல் எம்எஸ்-டாஸுக்கு வந்தது: பெயருக்கு 8 எழுத்து, நீட்டிப்புக்கு 3 எழுத்து. விண்டோஸ் இன்றும் இந்த வாலைத்தான் பார்க்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று அது திறந்து பார்ப்பதில்லை. ஒரு படத்தின் பெயரை மாற்றி 'பிடிஎஃப்' என்று எழுதிவிட்டால் பிடிஎஃப் நிரலையே அழைக்கும். அந்த நிரல் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று சொல்லும்.

வேறு வழிகளும் இருந்தன. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் வகை, அதை உருவாக்கிய நிரல் ஆகிய இரண்டையும் நான்கெழுத்துக் குறியீடுகளாகப் பெயருக்கு வெளியே வைத்திருந்தது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கோப்புகள் தத்தம் நிரலில் திறந்தன. மின்னஞ்சலுக்காக 1992-இல் வகுக்கப்பட்ட மைம் முறை, வகையின் பெயரைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதி அனுப்பியது. யூனிக்ஸ் குடும்பம் கோப்பின் முதல் சில எழுத்துகளைப் படித்து வகையை ஊகிக்கக் கற்றது. தமிழகத்தில் பலர் லினக்ஸைத் தொட்டது 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக. அவற்றில் விண்டோஸுடன் இருந்த பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. அதில் நீட்டிப்பு இல்லாத கோப்பும் பல நேரம் சரியாகவே திறக்கும்.

விண்டோஸில் இந்தப் பிணைப்பு 'ரிஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் இருக்கிறது. கணினி முழுவதற்கும் பொதுவான பட்டியல் ஒன்று. ஒவ்வொரு பயனருக்கும் 'யூசர் சாய்ஸ்' என்ற தனிப் பட்டியல் ஒன்று. இரண்டும் முரண்பட்டால் பயனரின் பட்டியலே வெல்லும். ஒரே கணினியில் காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால், ஒருவருக்குத் திறக்கும் கோப்பு மற்றவருக்குத் திறக்காமல் போவது இதனால்தான். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் பயனரின் தேர்வுக்கு ஒரு முத்திரையும் சேர்ந்தது. பயனரின் அடையாள எண், நீட்டிப்பு, நிரலின் பெயர், நேரம் ஆகியவற்றைக் கலந்து கணக்கிட்ட எண் அது. வேறொரு நிரல் பின்வாசல் வழியாகப் பதிவேட்டை மாற்றினால் முத்திரை பொருந்தாது. விண்டோஸ் அந்தத் தேர்வைத் தள்ளிவிட்டுத் தன் சொந்த நிரலை வைத்துவிடும். 'ஒரு செயலி பிரச்சினை ஏற்படுத்தியதால் பிடிஎஃப் கோப்புகளுக்கான அமைப்பு எட்ஜுக்கு மாற்றப்பட்டது' என்ற பொருளில் திரையோரம் வந்துபோகும் அறிவிப்பின் பின்கதை இதுவே.

சுங்கக் கோப்புகள்

சுங்கத் துறையின் மின்வழிப் பதிவு முறைக்குத் தரகர் அனுப்பும் பில் ஆஃப் என்ட்ரிக் கோப்பின் வால் 'பிஇ'. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லுக்கு 'எஸ்பி'. இரண்டுமே வெறும் எழுத்துக் கோப்புகள். தலைவரியில் 'எச்ரெக்', கடைசி வரியில் 'டிரெக்', நடுவில் அட்டவணைகள். புலங்களைப் பிரிப்பது காற்புள்ளியும் அல்ல, இடைவெளியும் அல்ல. ஆஸ்கி வரிசையின் 29-ஆவது குறி, திரையில் தெரியாத ஒன்று. இவற்றை அலுவலக மென்பொருள் உருவாக்குகிறது, சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம் வாங்கிக்கொள்கிறது. இடையில் மனிதர் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் திறக்கிறார்கள். அனுப்புமுன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இருமுறை சொடுக்கினால், பொருந்தும் நிரல் இல்லை என்று விண்டோஸ் கேட்கும். நோட்பேடைக் காட்டி 'ஆல்வேஸ்' என்று அமுக்கியதும் அந்தப் பிணைப்பு நிலைத்துவிடுகிறது. பார்ப்பதில் கேடில்லை. பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்துவதில்தான் இருக்கிறது. கோப்பில் மின்கையெழுத்து ஏறிய பிறகு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கையெழுத்துச் சரிபார்ப்பு தோற்கும். தளம் கோப்பைத் திருப்பிவிடும். 'பிஇ', 'எஸ்பி' வால்களுக்கு இயல்புநிலை நிரல் எதுவும் வைக்காமல் விடுவதே மேல். பார்க்கத்தான் வேண்டுமென்றால் நகலெடுத்து, அந்த நகலைத் திறக்க வேண்டும்.

'எஸ்பி' வாலுக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் நிரலாக்கம் பழகும் ஸ்கிராட்ச் மென்பொருளின் 1.4 பதிப்பு தன் திட்டக் கோப்புகளுக்கு வைத்த வாலும் 'எஸ்பி'தான். வீட்டுக் கணினியில் அது நிறுவப்பட்டிருந்தால், ஷிப்பிங் பில்லைத் திறக்க ஸ்கிராட்ச் முன்வரும்; திறக்க முடியாமல் நிற்கும். வால்களுக்குப் பதிவு அலுவலகம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த வாலையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் இத்தகைய மோதல்கள் தீராதவை.

'டேட்' என்ற வால் இதற்குப் பழைய சான்று. பர்மா பஜாரில் வீடியோ சிடி விற்ற காலத்தில் வட்டுக்குள் இருந்த படம் 'டேட்' கோப்பாகவே இருந்தது. இன்று அதே வால் கப்பல் முகவர் அலுவலகங்களுக்கு 'வின்மெயில்' என்ற பெயரில் வருகிறது. வெளிநாட்டு முகவர் அவுட்லுக் நிரலின் தனி வடிவத்தில் கடிதம் அனுப்பும்போது இணைப்புகள் எல்லாம் இந்த ஒரே பொட்டலத்துக்குள் கட்டுண்டுவிடும். வீடியோ நிரலுக்குப் பிணைத்தாலும் எக்செலுக்குப் பிணைத்தாலும் அது திறக்காது. அனுப்பியவரை எச்டிஎம்எல் வடிவிலோ வெறும் எழுத்து வடிவிலோ மறுபடி அனுப்பச் சொல்வதுதான் குறுக்குவழி.

துணை ஆவணங்களை மின்வழியில் ஏற்றும் இ-சஞ்சித் முறை 2017-இல் சோதனையாகத் தொடங்கியபோது சென்னை சுங்க இல்லமும் அதில் இடம்பெற்றது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் கையெழுத்திட்ட பிடிஎஃப்களாக ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஐஆர்என் என்ற அடையாள எண். அன்று முதல் இந்த வட்டாரத்தில் மிக அதிகமாகத் தலைவலி கொடுக்கும் வால் பிடிஎஃப். 1993-இல் அடோபி வெளியிட்டு 2008-இல் ஐஎஸ்ஓ தரமான இந்த வடிவத்தை இன்று எல்லா உலாவிகளும் காட்டும். காட்டுவது வேறு, கையெழுத்தைச் சரிபார்ப்பது வேறு. உலாவியில் திறந்தால் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியும் 'சரிபார்க்கப்படவில்லை' என்ற வாசகமும் தெரிவது இ-ஆதார் பதிவிறக்கிய எல்லோருக்கும் பழக்கமானது. ஆவணம் போலி என்று அதற்குப் பொருளில்லை. அடோபி ரீடர் போன்ற முழு நிரலில் திறந்து, இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் வேர்ச்சான்றை நம்பகமானது எனச் சேர்த்தால் கேள்விக்குறி பச்சை அடையாளமாக மாறும்.

இன்னொன்று, 'ப்ளீஸ் வெயிட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியுடன் நின்றுவிடும் பிடிஎஃப். கம்பெனி விவகார அமைச்சகத்தின் பழைய மின்படிவங்களில் இதைக் காணலாம். காத்திருந்து பயனில்லை. அந்தப் படிவம் எக்ஸ்எஃப்ஏ என்ற வகையில் எழுதப்பட்டது. உலாவிகள் பலவற்றுக்கு அது புரியாது. உலாவியை மூடிவிட்டு அடோபி ரீடரில் திறந்தால் படிவம் உடனே விரியும். ஒரு தரகர் அலுவலகம் செய்ய வேண்டிய முதல் வேலை, பிடிஎஃப் வாலை உலாவியிடமிருந்து மீட்டு முழு நிரலுக்குப் பிணைப்பதே.

பூஜ்யம் தொலையும் இடம்

மேற்சொன்ன பிசகுகளில் கோப்பு திறக்காது; திறக்காததால் கண்ணில் பட்டுவிடும். அதைவிடப் பொல்லாதது, தவறான நிரல் கோப்பை அமைதியாகத் திறந்து மாற்றிவிடுவது. சிஎஸ்வி கோப்புகளுக்கு எக்செலே இயல்புநிலையாக இருக்கும் எந்த அலுவலகத்திலும் இது நடக்கும்.

சுங்கவரி அட்டவணையில் மீன், இறால் எல்லாம் 03-ஆம் அத்தியாயம். ஓட்டுடலிகளின் தலைப்பு 0306. கடல் உணவு ஏற்றுமதியாளரின் பட்டியல் சிஎஸ்வியாக வந்து, இருமுறை சொடுக்கி எக்செலில் திறந்தால் 0306 என்று தொடங்கும் 8 இலக்கக் குறியீடு முன்பூஜ்யத்தை இழந்து 7 இலக்கமாகிறது. சேமித்தால் பூஜ்யம் போனது போனதுதான். 12 இலக்க இ-வே பில் எண் நடுவில் புள்ளியும் 'இ' எழுத்தும் கொண்ட அறிவியல் குறியீடாகச் சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் மிச்ச இலக்கங்களை எக்செல் பூஜ்யமாக்கிவிடும். தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியல் யூடிஎஃப்-8 குறிமுறையில் இருந்தும், தொடக்க அடையாளம் இல்லாவிட்டால், பெயர்கள் புரியாத எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு, 'மார்ச் 1' என்று தேதியாக மாறிக்கொண்டிருந்த மரபணுப் பெயர்களை 2020-இல் மாற்றியே விட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் தானியங்கி மாற்றங்களை நிறுத்தி வைக்கும் விருப்பத்தை எக்செலில் சேர்த்தது. அது கணினியில் இருந்தால் இன்றே அமைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சிஎஸ்வி வாலை நோட்பேடுக்குப் பிணைத்துவிட்டு, எக்செலில் வேண்டும்போது 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து, குறியீடு உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என அறிவிக்கலாம். இரண்டு சொடுக்கு கூடுதல் வேலை. ஒரு தவறான வரிக் குறியீட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பட்டறைக் கணினிகள்

எண்ணூரில் உள்ள அசோக் லேலண்ட் ஆலையையும் பின்னர் வந்த பிற ஆலைகளையும் சுற்றி இயந்திரப் பட்டறைகள் வளர்ந்த பகுதி இது. வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைக்கு வரைபடம் இன்று மின்னஞ்சலில்தான் வருகிறது. 'பிஆர்டி' என்ற வாலை சீமென்ஸ் என்எக்ஸும் வைத்திருக்கிறது, கிரியோவும் வைத்திருக்கிறது. சாலிட்வொர்க்ஸின் பழைய பதிப்புகளும் வைத்திருந்தன. எந்த நிரல் கடைசியாக நிறுவப்பட்டதோ அது வாலைப் பிடித்துக்கொள்ளும். கிரியோ இன்னொரு சிக்கலும் தருகிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் 'பிஆர்டி' என்பதற்குப் பின் புள்ளி 1, புள்ளி 2 என்று பதிப்பு எண்ணை ஒட்டுகிறது. விண்டோஸுக்குக் கடைசிப் புள்ளிக்குப் பின் இருப்பதே வால். ஆக '1', '2' என்பவை தனித்தனி வகைகளாகி, பட்டியலில் இடம்பெறாமல் போகின்றன. இங்கே இருமுறை சொடுக்குவதை விட்டுவிட்டு, உரிய நிரலைத் திறந்து அதன் உள்ளிருந்து கோப்பைத் தேர்வதுதான் நடைமுறை.

சிஎன்சி இயந்திரத்துக்கான நிரலை நோட்பேடில் திருத்தும்போது வேறு வகைப் பிசகு. 'என்சி' என்ற வாலோடு சேமித்ததாக நினைப்பார்கள். நோட்பேடு அதன் பின்னால் 'டிஎக்ஸ்டி' என்று ஒட்டியிருக்கும். விண்டோஸ் 95 காலம் தொட்டு, தெரிந்த வால்களை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கமாதலால் கண்ணுக்கு 'என்சி' மட்டும் தெரியும். பென்டிரைவை இயந்திரத்தில் செருகினால் பட்டியலில் கோப்பே இருக்காது. பென்டிரைவ் பழுது என்று புதிது வாங்குகிறார்கள்.

பழுது பார்க்கும் முறை

எந்தப் பிசகானாலும் வால்களை வெளிக்காட்டுவதில் தொடங்க வேண்டும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. பாதிப் புதிர்கள் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

அடுத்தது உள்ளடக்கம். கோப்பின் நகலை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பார்க்கலாம். சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்ற இரண்டெழுத்தில் தொடங்கினால் ஜிப். இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகளும் ஜிப் பொட்டலங்கள்தான் என்பதால் அவையும் இப்படியே தொடங்கும். அந்த எழுத்துகள் ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். யு, என், பி என்று தொடங்கினால் துறைமுக முனையங்களும் கப்பல் நிறுவனங்களும் பரிமாறிக்கொள்ளும் எடிஃபேக்ட் செய்தி. கப்பலில் எந்தப் பெட்டி எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பேப்லி இந்த வகை. உள்ளடக்கமும் வாலும் ஒத்துப்போனால் பிணைப்பில்தான் பழுது. ஒத்துப்போகாவிட்டால் வாலைத் திருத்தினால் போதும். கோப்பின் அளவு 0 என்று காட்டினால் மட்டும் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

பிணைப்பை மாற்ற, கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', நிரலைத் தேர்ந்து 'ஆல்வேஸ்'. மொத்தமாக மாற்ற 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஆப்ஸ்', அதில் 'டிஃபால்ட் ஆப்ஸ்'. மெக்கில் 'கெட் இன்ஃபோ' பலகையில் நிரலைத் தேர்ந்தபின் 'சேஞ்ச் ஆல்' அழுத்த மறந்தால் அந்த ஒரு கோப்புக்கு மட்டுமே மாற்றம் நிற்கும். வேண்டிய நிரல் பட்டியலிலேயே இல்லையென்றால் அது சரியாக நிறுவப்படவில்லை; 'ரிப்பேர்' கொடுக்கவோ மறுபடி நிறுவவோ வேண்டும். பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தொடவே வேண்டாம்.

பழைய கணினிகளில் திடீரென்று முகப்புத் திரையின் எல்லாப் படவுருக்களும் ஒரே உருவமாகி, எதைச் சொடுக்கினாலும் ஒரே நிரல் திறப்பது உண்டு. குறுக்குவழிக் கோப்பின் வாலான 'எல்என்கே'யை யாரோ ஒரு நிரலுக்குப் பிணைத்துவிட்டார்கள். வைரஸ் என்று பயந்து கணினியை ஃபார்மேட் செய்யக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கோப்புகளும் போகும். பயனர் பட்டியலில் அந்த ஒரு வால் வரியை நீக்கினாலே பழைய நிலை திரும்பும்.

பத்துக் கணினிகளுக்கு மேல் உள்ள நிலையங்களில் ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் உழைப்பு. ஒரு கணினியில் எல்லாவற்றையும் சரியாக அமைத்து, விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கருவியால் அந்தப் பட்டியலை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, குழுக் கொள்கை வழியாக மற்றவற்றுக்குத் தரலாம். ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் அது மறுபடி பொருந்திக்கொள்ளும். விண்டோஸ் புதுப்பிப்பு பிடிஎஃப் வாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாலும் மறுநாள் காலை சரியாகிவிடும்.

கைபேசியில் முதலில் 'ஆல்வேஸ்' அழுத்திய செயலியே நிலைக்கிறது. மாற்ற, ஆண்ட்ராய்டு 'செட்டிங்ஸ்' உள்ளே அந்தச் செயலிக்குப் போய் 'ஓப்பன் பை டிஃபால்ட்' பகுதியில் அழிக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்கு வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் விளம்பரம் நிறைந்த ஏதோ ஒரு செயலியில் திறந்தால், தீர்வு இதுவே.

இயல்புநிலை நிரல் என்ற இடத்துக்காக நிறுவனங்கள் போட்டியிடுவது வீணுக்கில்லை. முன்கூட்டியே வைத்துத் தரப்படும் நிரலைப் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. ஆண்ட்ராய்டு தொடர்பான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததில் இந்த முன்னிருப்பு ஆதிக்கமும் ஒரு காரணம்.

பிணைப்பைக் காவலாக வைப்பது

2000 மே மாதம் உலகெங்கும் பரவிய காதல் கடிதப் புழு, 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோல் காட்டி உண்மையில் 'விபிஎஸ்' வாலோடு வந்தது. வால் மறைந்திருந்ததால் மக்கள் திறந்தார்கள். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் என்ற பெயர்களில் முன்பின் தெரியாத வெளிநாட்டு முகவரிகளிலிருந்து நாள்தோறும் கடிதம் பெறும் கப்பல் அலுவலகங்கள் இந்தத் தந்திரத்துக்கு எளிய இலக்கு. 'விபிஎஸ்', 'ஜேஎஸ்' ஆகிய வால்களின் இயல்புநிலை நிரலை நோட்பேடாக மாற்றிவிட்டால், தவறிச் சொடுக்கினாலும் தீய நிரல் ஓடாது. அதன் எழுத்துகள் மட்டும் திரையில் தெரியும். செலவில்லாத காவல். ஆனால் நிறுவனத்தின் சொந்த மென்பொருள் அத்தகைய கோப்புகளைப் பயன்படுத்துகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் புழங்கும் வால்களையும் ஒவ்வொன்றுக்கும் உரிய நிரலையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். திறக்காத கோப்பை அழிக்குமுன் அந்தத் தாளைப் பாருங்கள்.